நெருப்புக்கு ஒன்று, பனிக்கு இரண்டு

அந்த விளையாட்டில் நமக்கு முகம் கிடையாது. திரையின் அடியில் இரண்டு கைகள் மட்டும் தெரியும். கீபோர்டில் ஒன்றைத் தட்டினால் கையில் நெருப்பு வரும், இரண்டுக்குப் பனி, மூன்றுக்கு மின்னல். இருட்டுக் கோட்டைக்குள் எதிரே வருவது எதுவென்று பார்த்து, அதற்கேற்ற மந்திரத்தை வீச வேண்டும். எலும்புக்கூட்டிடம் நெருப்பு பலிக்காது. வௌவாலுக்கு நெருப்புதான். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கெமிஸ்ட்ரி படித்தவள், எது எதைக் கரைக்கும் என்று பட்டியல் போடாமல் இருக்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் வாங்கியது இதற்காக இல்லை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நீ ஏதாவது ஆபீஸில் வேலைக்குச் சேரலாம், அதற்குள் லெட்டர் அடிக்கப் பழகிக்கொள் என்று கணவர் சொன்னார். அவர் வேலைக்காக நாங்கள் குடிவந்த கன்னட ஊரில், மண்டி மொஹல்லா பேட்டையில் ஒரு கடையில் பழைய பாகங்களைச் சேர்த்துப் பூட்டித் தந்தார்கள். அக்ரஹாரத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு அது ஆட்டோவில், என் மடியில் உட்கார்ந்து வந்தது. விளையாட்டு ஏற்கெனவே அதற்குள் இருந்தது. முதல் தடவை தவறித்தான் திறந்தேன். இரண்டாம் தடவையும் தவறித்தான் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கணவர் காலை ஏழரைக்கு ஃபேக்டரிக்குக் கிளம்பிவிடுவார். சாதம் வடித்துக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, பதினொரு மணிக்கு கம்ப்யூட்டரின் மேல் போர்த்திய துணியை எடுப்பேன். மகள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். சாயந்திரம் அவர், "எவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்று கேட்டால், "மூணாவது கட்டம்" என்பேன். அது பொய்யில்லை. ஆனால் அவர் டைப்பிங் பாடத்தை நினைத்துக்கொள்வார்.

நிஜக் கவலை வேறு. மகளுக்கு மூன்றரை வயது ஆகியும் பேச்சு வரவில்லை. அம்மா, தா, ம்ஹூம், இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே அவள் காலத்தை ஓட்டினாள். காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வசம்பைச் சுட்டுத் தேனில் உரசி நாக்கில் தடவினேன். அவள் சப்புக்கொட்டிவிட்டு "தா" என்று கையை நீட்டினாள். மே மாதம் பள்ளியில் இண்டர்வியூ. குழந்தை வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால்தான் சேர்த்துக்கொள்வார்கள், இல்லையென்றால் அடுத்த வருஷம் வாருங்கள் என்பார்கள். அடுத்த வருஷமும் பேசாவிட்டால் என்ற கேள்வியை நான் குழம்பு கொதிக்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு ஆண்ட்டிதான் காரணம் கண்டுபிடித்தார். "நீங்க தமிழ், நாங்க கன்னடா, டி.வி.யிலே இந்தி. பாப, மகு ஏன் மாடத்தே? ஒந்தே பாஷே மாதாடி ரீ." பாவம், குழந்தை என்ன செய்யும், ஒரே மொழியில் பேசுங்கள் என்றார். அது சரியாகத்தான் பட்டது. எந்த மொழி என்று நானும் கணவரும் உட்கார்ந்து பேசினோம். பள்ளிக்கூடத்தில் கேட்கப்போவது இங்கிலீஷ், அதனால் இங்கிலீஷ் என்று முடிவு செய்தோம்.

என் இங்கிலீஷ் பரீட்சைத்தாள் இங்கிலீஷ். எழுதினால் தப்பு வராது. பேச வேண்டுமென்றால் வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தடவை எழுதி, திருத்தி, பிறகுதான் வாயில் எடுப்பேன். பாலைக் குடி என்பதை நான் இங்கிலீஷில் அமைத்து முடிப்பதற்குள் அவள் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்திருப்பாள். நாள் முழுக்க வீட்டில் ஏழெட்டு வாக்கியம்தான். தப்பில்லாத வாக்கியங்கள். மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கோட்டைக்குள் மட்டும் எனக்கு எந்த விதியும் ஞாபகம் இருக்காது. "வாடா எருமை, வா! வாங்கிக்கோ! ஐயோ, மந்திரம் தீந்து போச்சே, நீலக் குப்பி எங்க போச்சு, கண்றாவி..." பெருந்துறைப் பக்கத்தில் பிறந்தவளுக்கு வரவேண்டிய எல்லா வசவும் தடையில்லாமல் வரும். இது குழந்தையிடம் பேசுவதில்லையே, பூதத்திடம் பேசுவதுதானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஏப்ரலில் ஒரு நாள் மூன்றாவது கட்டத்துப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து தெளிவாக ஒரு குரல்.

"அம்மா, பின்னாடி!"

நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். கோட்டையில் அல்ல, வீட்டில். என் முதுகுக்குப் பின்னால் அடுப்படிக் கதவும் துடைப்பமும்தான் இருந்தன. அதற்குள் திரை சிவப்பாகி, பின்னால் வந்த கொம்பு பூதம் என்னைக் கொன்றிருந்தது.

"செத்துப் போச்சு," என்றாள் மகள். "மறுபடி."

நான் அவளைத் தூக்கிக்கொண்டு அழுதேன். அவள் என் தோளுக்கு மேலே எட்டித் திரையைப் பார்த்து, "மறுபடி, மறுபடி" என்று காலை உதைத்தாள்.

சாயந்திரம் கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். "ஏங்க, பேசிட்டாளுங்க! ரெண்டு வார்த்தை சேத்துப் பேசினா!"

"எங்க, என்கிட்ட ஒண்ணு சொல்லு பாப்பா."

அவள் அவரைப் பார்த்தாள். "ம்ஹூம்."

"என்ன பேசினா?"

"பின்னாடின்னு சொன்னா."

"எதுக்குப் பின்னாடி?"

"சும்மாதான்," என்றேன்.

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அதன் பிறகு தினமும் பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை அவள் பேசினாள். துணியைப் போர்த்தியதும் நிறுத்திவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூதத்தைப் பார்த்துப் பேச்சு வருவது நல்லதா? நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடுமா? நிறுத்தாவிட்டால் பெரியவளானதும் எல்லோரையும் எருமை என்பாளா? டாக்டரிடம் கேட்கலாம். என்ன விளையாட்டு, யார் விளையாடுகிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டால்? கேட்கவில்லை. மற்ற நேரமெல்லாம் இங்கிலீஷ் வாக்கியங்களை இன்னும் கவனமாகத் திருத்திப் பேசினேன்.

இண்டர்வியூவுக்குப் பெற்றோரில் ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். கணவர் வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார். "இங்கிலீஷ் வருமான்னு கேட்டா, கொஞ்சம் கொஞ்சம்னு சொல்லு," என்று அனுப்பினார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா இங்கிலீஷில் பெயர் கேட்டார். மகள் சும்மா இருந்தாள். ஆப்பிள் அட்டையைக் காட்டினார், பசு அட்டையைக் காட்டினார். அவள் சும்மாதான் இருந்தாள். பேனாவைத் திறந்து படிவத்தில் ஏதோ எழுதப் போனவர், "நீங்களே கேட்டுப் பாருங்கள்," என்று அட்டைக் கட்டை என் பக்கம் தள்ளினார்.

மேலே இருந்த அட்டையை எடுத்தேன். கேள்வியை மனசுக்குள் இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தேன். மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், வீட்டில் பார்ப்பாளே அதே மாதிரி, வாக்கியம் எப்போது வரும் என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் குழந்தை என் பேச்சைக் கேட்டதே பூதத்திடம் நான் பேசும்போதுதான்.

"இது என்ன கண்ணு?" என்றேன்.

"வௌவாலு," என்றாள். பிறகு எழுந்து நின்று வலது கையை நீட்டினாள். "அம்மா, ஒண்ணு அமுக்கு, ஒண்ணு! நெருப்பு போடு! விடாத அவனை, பொசுக்கு!"

கை நேராக ஹெட்மிஸ்ட்ரஸின் மூக்குக்கண்ணாடிக்கு எதிரே இருந்தது.

"ஏனு ஹேளித்ளு?" என்ன சொன்னாள் என்று அவர் கன்னடத்தில் கேட்டார்.

"வௌவால் என்கிறாள் மேடம்."

"அஷ்டேனா, அவ்வளவுதானா? நீளமாகச் சொன்னாளே?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். பொய்யை அமைக்கவும் நேரம் பிடிக்கும். "அதைச் சுட்டுப் பொசுக்கச் சொல்கிறாள்."

"என்னையா?"

"ஐயோ, இல்லை மேடம், வௌவாலை!"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "இங்கிலீஷ் வருமா?"

"வராது மேடம்."

"வராததைக் கற்றுக்கொடுக்கத்தானே பள்ளிக்கூடம் வைத்திருக்கிறோம்," என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து, இடம் கிடைத்துவிட்டது என்று கணவரிடம் தலையை ஆட்டினேன். அவர் மகளை முன்னால் நிற்கவைத்து ஸ்கூட்டரைக் கிளப்பினார். தெருமுனை திரும்பினோம்.

"பாப்பா, டீச்சர் நல்லவங்களா?" என்று நான் பின்னாலிருந்து தமிழில் கேட்டேன்.

அவள் கழுத்தைத் திருப்பி, அப்பாவின் கைக்கு அடியில் என்னைப் பார்த்தாள்.

"அந்த டீச்சருக்கு எந்த மந்திரம்மா? நெருப்பா, பனியா?"

ஸ்கூட்டர் மெதுவாகி ஓரமாக நின்றது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, மகளை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார்.

"என்ன மந்திரம்?" என்றார்.

"மூணாவது கட்டம்னு சொன்னேனே," என்று நான் ஆரம்பித்தேன்.