கம்பிப் பெட்டியில் வந்த ஏழு பேர்

நம்பாதவங்க நம்ப வேண்டாம். மூணு வாரமாச்சு, என் தோள்பட்டை வலி இன்னும் விடல. வலிக்குப் பொய் சொல்லத் தெரியுமா?

எங்க ஊர் மலையாத்துக்கு ரெண்டு கரையிலயும் இருக்கு. முன்ன நடந்த சண்டையில, முதல் மாசமே பாலத்தைக் குண்டு வெச்சுத் தகர்த்துட்டாங்க. அன்னையிலிருந்து கம்பியில தொங்குற பெட்டிதான் எங்களுக்கு வண்டி. இந்தக் கரையில நான் சக்கரம் சுத்தினா அது நகரும். நாலு பேருக்கு மேல தாங்காது. அக்கரையில ஏறுறவங்க ஆளுக்கு ஒரு தடவை மணிக்கயித்தை இழுக்கணும். அதான் எங்க ஏற்பாடு.

என் வீட்டுக்காரி அக்கரையில நர்ஸ். அன்னைக்கு ஆத்துல வெள்ளம். மூடுபனி வேற. சாயங்காலம் 5:40.

டிங்...

அவதான்னு எழுந்தேன். டிங்... டிங்... நிக்கவே இல்ல. மொத்தம் எட்டு!

"விளையாடுறா பாரு"ன்னு முனகிக்கிட்டே சக்கரத்தைப் பிடிச்சேன். அசையல. உடம்பு மொத்தத்தையும் போட்டுத் தள்ளினேன். கம்பி கிரீச்சுன்னு கத்திச்சு.

"யாரெல்லாம் வர்றது?"

பனிக்குள்ள எட்டிப் பார்த்தேன், பெட்டியே தெரியல.

விட்டுட்டு ஓடிடலாம்னு தோணுச்சு. ஆனா நடு ஆத்துல தொங்குறது என் பொண்டாட்டியாச்சே! அழுதுகிட்டே சுத்தினேன்.

5:58. பெட்டி வந்துச்சு.

உள்ள அவ மட்டும்.

"இறங்குடி!"

"இருங்க... முதல்ல அவங்க இறங்கட்டும்."

பெட்டி குலுங்கிச்சு. கொஞ்சம் மேல எழும்புச்சு.

மறுபடியும்...

மறுபடியும்...

ஏழு தடவை.

யாரையும் காணோம்.

மறுநாள் காலையில, எனக்கு முன்ன சக்கரம் சுத்தின பெரியவரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அப்படியே உக்காந்து, மெதுவா சொல்ல ஆரம்பிச்சார். சண்டை சமயத்துல எட்டுப் பேர் அக்கரையிலிருந்து மணி அடிச்சு அடிச்சுப் பார்த்திருக்காங்க. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து இவர் சுத்தவே இல்ல. எட்டுப் பேரையும் அங்கேயே சுட்டுட்டாங்க. இத்தனை வருஷமா மனுஷன் யார்கிட்டயும் வாய் திறக்கல.

"அதுல ஒருத்தி என் சம்சாரம்"னார்.

அப்புறம் என் வீட்டுக்காரி பக்கம் திரும்பினார். "உன்கூட ஏழு பேர்தான் ஏறினாங்களாம்மா?"

அவ யோசிச்சா.

"ஒரு அக்கா மட்டும் ஏறல. கையைப் பிடிச்சு இழுத்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு. 'நீ போம்மா... என் வீட்டுக்காரர் சுத்தினாதான் நான் வருவேன்'னு அங்கேயே நின்னுட்டாங்க."