கைதட்டலுக்குக் காத்திருந்த இருமல்

அந்தப் பெரிய கலையரங்கத்தின் கூரையில் பூசியிருக்கும் பஞ்சு மூச்சுக்குள் போனால் சாகும்வரை வெளியே வராதாம். அரங்கத்துக்கு எதிரே இஸ்திரி போடுகிறவர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சொன்னது அங்கே விளக்கு மாட்டுகிற யாரோ. அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். வாய் மாறி வாய் மாறிக் கடல் தாண்டி வந்த செய்தி. "சும்மா ஊர்ப்பேச்சா இருக்கும்டா," என்று அவளே முடித்தும் வைத்தாள். அவள் குரல் மட்டும் முடியவில்லை.

அக்காவின் கணவருக்கு அரங்கத்தில் பெயர் கயிறு. திரைகளை ஏற்றி இறக்குவது அவர் வேலை. மேடைக்கு நேர் மேலே, கூரை தலையில் இடிக்கிற உயரத்தில், ஒரு இரும்புப் பாலம் உண்டு. காட்டுத் திரை மேலே போக வேண்டுமா, ஒரு கயிறு. அரண்மனை வர வேண்டுமா, இன்னொரு கயிறு. "நான் கயிறு இழுக்கிறவன் மாப்ளே. கயிறு திரிக்கிறவங்க எல்லாம் கீழ ஆபீஸ்ல இருக்காங்க," என்பார். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு முறை என்னை மேலே கூட்டிப்போனார். கீழே பெரிய முரசுகள் அதிரும்போதெல்லாம் கூரையிலிருந்து வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. அத்தான் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு, "டிக்கெட் இல்லாமலே பனி பெய்யுது பாரு," என்றார்.

தீப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பஞ்சு அது. கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. அரங்கம் கட்டிய காலத்தில் அதுதான் நவீனம். பிறகு அது நுரையீரலைத் தின்னும் என்று உலகத்துக்கே தெரிந்துபோனது. அலுவலக அறைகளிலும் பார்வையாளர் பகுதியிலும் சுரண்டி எடுத்துவிட்டு நல்ல மரப்பலகை அடித்தார்கள். மேடைக்கு மேல் மட்டும் கை வைக்கவில்லை. அங்கே எடுத்தால் ஒலியின் தரம் கெட்டுவிடுமாம். காதுக்கு அவ்வளவு மரியாதை. மூச்சுக்கு உண்டா என்றால், அது யாருடைய மூச்சு என்பதைப் பொறுத்தது.

மேடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிகழ்ச்சி நடக்கும்போது இருமக் கூடாது. பாலத்தில் ஒருவர் தும்மினால் கடைசி வரிசைவரை கேட்கும். வருகிற இருமலைத் தொண்டையிலேயே பூட்டிவைத்து, கைதட்டல் எழும்போது அதற்குள் இருமித் தீர்ப்பார்கள். புதிதாக வருகிறவருக்கு முடிச்சுப் போடச் சொல்லித்தருவதற்கு முன் இதைத்தான் சொல்லித்தருவார்கள். அத்தான் வீட்டிலும் அப்படியே. குக்கர் விசில் அடிக்கும்வரை அடக்கிவைத்திருந்து அதோடு சேர்ந்து இருமுவார். "உங்க கச்சேரிக்கு என் குக்கர்தான் பக்கவாத்தியமா?" என்பாள் அக்கா.

ஊர்ப்பேச்சு பத்திரிகை வரை போனதும், நிர்வாகம் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு குழுவை வரவழைத்தது. பரிசோதனையை எங்கே வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? மேடையில். எல்லா விளக்குகளையும் போட்டு, மேசை நாற்காலி போட்டு. முன்வரிசையில் அரங்கத்தின் இயக்குநர் அம்மாள். அவரைச் சுற்றிப் புகைப்படக்காரர்கள். தொழிலாளர்கள் ஒவ்வொருவராக வந்து நடுமேடையில் நின்றார்கள். பெரிய டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், இருமச் சொல்லவில்லை, இருமுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவர்கூட இருமவில்லை. மேடை விளக்கு எரிகிறது, எதிரே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்; ஆயுள் முழுக்கப் பழகிய தொண்டை வேறென்ன செய்யும்?

"வேணும்னு அடக்கல மாப்ளே. அது தானா பூட்டிக்கிச்சு," என்றார் அத்தான். குழு கிளம்பியபின் பின்பக்க நடையில் எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார்களாம். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, சிரித்ததில் இன்னும் இருமினார்களாம். விளக்குக்காரர், "டாக்டர் ஒரு தடவை கைதட்டிட்டுப் போயிருக்கலாம்," என்றாராம்.

அறிக்கை வந்தது. அது அக்காவுக்குத் தெரியாத மொழியில் இருந்ததால் நான்தான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பரிசோதிக்கப்பட்ட எவரிடமும் இருமல் காணப்படவில்லை. கணிசமான ஆபத்து எதுவும் இல்லை.

"கணிசம்னா?" என்றாள்.

"பெரிசா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்க்கா."

"யாருக்குப் பெரிசா ஒண்ணுமில்ல?"

அறிக்கையை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன்.

ஓர் எக்ஸ்ரே எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். எடுக்கவில்லை. அவர்கள் ஒன்றும் விவரம் இல்லாதவர்கள் அல்ல. தேடினால் கிடைத்துவிடும் என்று தெரிந்தவர்கள்தான் அவ்வளவு கவனமாகத் தேடாமல் இருக்க முடியும். இயக்குநருக்கு நான் மின்னஞ்சல் எழுதினேன். என் அக்கறைக்கு நன்றி தெரிவித்து, அடுத்த பருவத்தின் நிகழ்ச்சி நிரலை இணைத்து அனுப்பியிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் கூத்து. கலைஞர்கள் ஒரு கூட்டறிக்கை விட்டார்கள்: அரங்கத்தை மூடச் சொல்பவர்கள் பண்பாட்டின் பகைவர்கள், ரசனை இல்லாத கூட்டம். மூடச் சொன்னது யார்? மேலே இருப்பதைச் சுரண்டி எடுங்கள் என்றுதான் தொழிலாளர்கள் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்கூட அந்தப் பாலத்தில் ஏறியதில்லை. ஒரு பெரிய பாடகி தொலைக்காட்சியில், "அது எங்களுக்குக் கோயில்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோயிலில்கூட விளக்கேற்றுகிறவர் மூச்சு விடலாம், அம்மா.

மறுபக்கம் இன்னொரு சேனல். படித்தவர்களைத் திட்டியே பிழைப்பு நடத்துகிற சேனல். அத்தானை அழைத்து, முகத்தில் பவுடர் அடித்து, நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். இருமல் கதையைச் சொன்னார். ஊரே பார்த்தது. தொகுப்பாளர் மேசையைத் தட்டிக் கோபப்பட்டார். ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது அத்தானின் நுரையீரல் அல்ல, அதன் கதை. மறுவாரமே, பொய் சொன்ன டாக்டர்களின் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதீர்கள், ஸ்கேன் கதிர்தான் நோயைக் கொண்டுவருகிறது என்று ஆரம்பித்துவிட்டார். அத்தான் எனக்கு அந்த வீடியோக்களை அனுப்பத் தொடங்கினார்.

இதற்குள் தெருமுனைக் கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரேயில் வலப்பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. ஸ்கேன் எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிக் கொடுத்தார்கள். தவறவிட்டால் அடுத்த தேதி எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி என்றால், அதே மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. வேறு இடத்தில் அந்த இயந்திரம் இல்லை.

"நான் போகல, விடு," என்றார் அத்தான்.

"நிழல் இருக்குன்னு படம் சொல்லுது அத்தான்."

"நிழல் எல்லாருக்கும்தான் இருக்கு. உனக்கு இல்லையா?"

"விளையாடாதீங்க."

"நான் எங்க விளையாடறேன்? என் நெஞ்சுல குழாய வச்சுட்டு ஒண்ணுமில்லைன்னு எழுதினவர்தான் அங்க தலைவர். அவர் வாசல்ல போய், ஐயா, இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்கன்னு நான் கைகட்டி நிக்கணுமா?"

"மெஷின் பொய் சொல்லாது."

"சொல்லாது. அதைப் படிக்கிறவன்?"

"அந்த டிவிக்காரன் மட்டும் அரிச்சந்திரனா அத்தான்?"

"அவன் எனக்கு நாற்காலி போட்டான் மாப்ளே."

எனக்கு வந்த கோபத்தில் தொலைபேசியை வைத்துவிட்டேன். வைத்தபின் பார்த்தால் அந்தக் கோபம் அத்தான்மேல் நிற்க மாட்டேன் என்கிறது. அவர் சொன்னதில் எதைப் பொய் என்பது? நம்பிக்கையைத் தின்று ஏப்பம் விட்டவர்கள் விருது வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நம்பாமல் போனதற்கான தண்டனை மட்டும் இவர் நெஞ்சில் வளர்கிறது. இவரைப் படிக்காத முட்டாள் என்று ஒரு கூட்டம் சிரிக்கும். போராளி என்று இன்னொரு கூட்டம் மாலை போடும். இரண்டு கூட்டத்திலும் ஸ்கேன் எடுக்கத் தயங்குகிறவர்கள் கிடையாது. அந்தத் தொகுப்பாளர் தலைவலி வந்தாலும் பெரிய டாக்டரிடம்தான் போவார். அதை நான் பந்தயம் கட்டிச் சொல்வேன்.

கடைசியில் அக்காதான் வழிக்குக் கொண்டுவந்தாள். டாக்டர் நல்லவர் என்று அவள் வாதாடவே இல்லை. "அவங்க பொய்யனுங்கதான். போய் எடுத்துட்டு வந்து சண்டை போடுங்க. செத்துட்டா யாருங்க சண்டை போடறது?" என்றாளாம். ஒத்திகை முடித்துவிட்டு நேரே ஸ்கேன் பிரிவுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு இன்று காலை கிளம்பியிருக்கிறார்.

இப்போது அக்கா அழைத்தாள். ஸ்கேன் அறை வாசலில் நிற்கிறாள்.

"தம்பி, இன்னும் காணோம்டா. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறார். நீ போடு. உன் நம்பர்னா எடுப்பார்."

அவள் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "ஏம்மா, உங்க ஆள் இருக்காரா இல்லையா?"

"இருக்காருங்க. கீழ டீ குடிக்கப் போயிருக்காரு, இதோ வந்துடுவாரு."

"வரலைன்னா அடுத்தவங்கள உள்ள விட்டுடுவேன், அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

"கொஞ்சம் பொறுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அக்காவின் அழைப்பைத் துண்டித்துவிட்டு அத்தான் எண்ணைப் போட்டேன். ஒத்திகை நீண்டிருக்கலாம். அந்தச் சேனல்காரர்கள் வழியிலேயே ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து திரும்பிக்கொண்டும் இருக்கலாம். மணி போய்க்கொண்டே இருந்து தானாக நின்றது. மறுபடி போட்டேன். போகிறது.