தலைக்குள் இருந்த இரும்பு

"அப்பா. இங்க பாருப்பா. அப்பா."

இப்படித்தான் அவர் காதோரம் கூப்பிடுவேன். கை கால் வெட்டி இழுக்கும்போது கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஆள் திரும்பி வந்துவிடுவார் என்று எங்கள் வீட்டில் நம்பினோம். அதை வலிப்பு என்று சொல்ல மாட்டோம். காத்து என்போம், காத்து கருப்பு பட்ட மாதிரி. அம்மா ஓடிவந்து சாவிக்கொத்தை அவர் கைக்குள் திணிப்பாள். தெளிந்ததும் அப்பா கேட்பார், "தலைக்குள்ளயே இரும்பு கீது. கையில வேற இன்னாத்துக்கு?"

உண்மைதான். பட்டாளத்தில் இருந்தபோது எல்லையில் வெடித்த குண்டின் துண்டு ஒன்று அவர் தலைக்குள் தங்கிவிட்டது. எடுத்தால் உயிருக்கு ஆபத்து என்று அப்படியே விட்டு, ஊனத்துக்கான பென்ஷனோடு எங்கள் மலை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

வலிப்பு என்ற பேச்சை எடுக்கக் கூடாது என்றவரும் அப்பாதான். "பொண்ணு கீறா. இந்தப் பேரு வெளிய போச்சுன்னா எவன் வருவான் நம்ம வூட்டுக்கு?"

போன மழைக்காலத்தில் சாமைக் கொல்லையில் காத்து வந்து விழுந்தார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. ஜீப் பிடித்துக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அம்மா டாக்டரிடம், "காத்து புடிச்சிக்கிச்சுங்க" என்றாள். டாக்டர் அதை மூச்சு என்று நினைத்துக்கொண்டார். மூச்சுத்திணறலில் இறந்ததாக எழுதினார்கள். அழுதுகொண்டிருந்த எங்களுக்கு அது தப்பாகப் படவில்லை.

அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர் கச்சிராயபாளையத்தில் கடை வைத்திருக்கிறார். எனக்கு மாமா முறையாகிப் போனவர். டிவி செய்தியைக் கேட்டுவிட்டு மலை ஏறி வந்தார்.

"தங்கச்சி, ஊனமாகி வந்தவங்களுக்கும், அவங்க போயிட்டா குடும்பத்துக்கும் குடுக்கறத ஜாஸ்தி பண்ண சட்டம் கொண்டாராங்களாம். ஆனா அந்தக் காயத்தாலதான் செத்தாருன்னு இருக்கணும். செத்த சர்டிபிகேட்ல மூச்சுத்திணறல்னு கீதே?"

"காத்துண்ணா."

"இன்னா காத்து? கேம்ப்ல எங்க கண்ணு முன்னாடியே வந்துச்சு. வலிப்பும்மா அது. கள்ளக்குறிச்சி பட்டாளத்து ஆபீசுக்கு வந்து வாயத் தொறந்து சொல்லு. பார்த்தவங்க ரெண்டு பேரு சாட்சிக்கு ஊர்ல இருந்து வரணும்."

ஊரில் இருந்து வரணும் என்றதும் அம்மா என்னைத்தான் பார்த்தாள். அடுத்த ஊரில் எனக்கு ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் பயம் அது மட்டும் இல்லை. கை மரத்துப் போனால்கூட எனக்கும் அது வந்துவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். குண்டால் வந்தது பிள்ளைக்கு வராது என்று மாமா சொன்னார். தலை ஆட்டினேன். பயம் போகவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ்ஸில் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவும் சின்னம்மாவும் எங்களோடு வந்தார்கள். கூப்பிட்டதும் வந்தவர்கள்தான்.

"காத்துக்குமா கவர்மெண்டு காசு குடுக்குது?" என்றார் பெரியப்பா.

"குடுத்தா உனுக்கும் ஒண்ணு அடிக்கட்டும்" என்றாள் சின்னம்மா. பஸ்ஸில் சிரித்தார்கள். நான் ஜன்னல் கம்பியை விடவே இல்லை.

ஆபீசில் அதிகாரி நாற்காலி போடச் சொன்னார். "அவருக்கு இன்னாம்மா ஆச்சு?"

அம்மா முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். முந்தானைக்குள் அவள் கையில் சாவிக்கொத்து இருந்தது. சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்றும் பயந்தேன்.

"காத்து இல்லைங்க" என்றாள். "வலிப்பு. குண்டு அடிச்சதுல இருந்து வரும். எங்க ஊட்டுக்காரரு மூச்சு முட்டிச் சாவல. தலைக்குள்ள இருந்த அந்த இரும்பாலதான் செத்தாரு."

சின்னம்மா என் தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். ஆனாலும் அதிகாரி கேட்டபோது, "ஆமாங்க, நானும் பார்த்திருக்கேன்" என்றாள். பெரியப்பாவும் ஆமாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் சின்னம்மா முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். சட்டம் இன்னும் வரவில்லை. வந்தாலும் எங்களைச் சேர்ப்பார்களா, தெரியாது. பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் இதுவரை வரவில்லை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் அம்மாவும் நானும் பேச்சை நிறுத்திவிடுகிறோம்.

அப்பாவின் தலையில் இருந்த இரும்பு அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது. இனிமேல் அது அவரை இழுக்கக் கூடாது. இதைப் படிக்கிற எல்லாரும், நீங்கள் கும்பிடுகிற சாமி எதுவாக இருந்தாலும், எங்கள் அப்பாவுக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.