தொங்கும் மைக்

இன்று படப்பிடிப்பில் என் கணவராக நடிப்பவருக்கு மீசை ஒட்டினார்கள். அந்தப் பசையின் வாசனை வந்ததும், இடித்து அடுக்குமாடி கட்டிவிட்ட மயிலாப்பூர் சபாவும், மழை வலுத்தால் வசனத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வைக்கும் அதன் தகரக் கூரையும், மேடைக்கு மேலே கயிற்றில் தொங்கிய மைக்குகளும் நினைவுக்கு வந்தன. பெரியவர்கள் நகர்ந்து நகர்ந்து அவற்றின் கீழே வந்து பேசுவார்கள். அந்த நாடகங்களில் குழந்தை நட்சத்திரமாக இருந்த எனக்காக, மைக்செட் வைத்திருந்த ராயப்பேட்டை பாய் நடு மைக்கை மட்டும் இறக்கிக் கட்டுவார்.

“மைக் மேல கீது பாப்பா. பாத்துக்கினு வந்து நில்லு, அப்பால பேசு.”

இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. சீரியலில் முதல் வாரம், பேசுவதற்கு முன்னால் நான் மேலே பார்த்ததால் டேக் மேல் டேக் போனது.

“மைக் உங்க புடவையிலதான் இருக்கு மேடம்,” என்றார் இயக்குநர். எனக்குப் பதில் வேறு ஆளைத் தேடுவதாகவும் பேச்சு. அதற்குள், நான் மேலே பார்க்கும் காட்சிகளோடேயே தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிவிட்டது.

பாண்டி பஜாரில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சாமியப் பாத்துட்டுதாம்மா ஒவ்வொரு வார்த்தையும் பேசுறீங்க. அதான் உங்களப் புடிக்கும்.” சேனலுக்கும் பலர் அதையே எழுதினார்களாம்.

இப்போதெல்லாம் ஷாட்டுக்கு முன்னால் இயக்குநரே சொல்கிறார்: “மேல பாத்துட்டு, அப்புறம் பேசுங்க மேடம்.”