புருஷன் பெயர் சொல்லாதவளுக்கு ஒரு கட்டில்

மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிதில் மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். பெருக்கவும் துடைக்கவும்தான் சம்பளம். பேசுவதற்குக் கிடையாது, ஆனால் அதைத்தான் அதிகம் செய்தேன்.

பதிவு மேசையில் இருந்த கிளார்க் கம்போங் செட்டிக்காரர், தமிழை மறந்து பல தலைமுறை ஆன வம்சம். நெற்றி நிறையத் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். ரப்பர் தோட்டத்துப் பெண்கள் நெற்றியை நம்பித் தமிழில் கொட்டுவார்கள். அவர் உடனே என்னைத் தேடுவார்.

ஒரு சனிக்கிழமை காலை, கால் இரண்டும் வீங்கிய ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தோட்டத்து லோரி இறக்கிவிட்டுப் போனது. பிள்ளை பிறக்கும்வரை இங்கேயே படுத்திருக்க வேண்டும், வீட்டுக்குப் போனால் ஆபத்து என்றார் டாக்டர். தொழிலாளியின் மனைவி என்றால் செலவு தோட்டத்துடையது. ஆனால் அதைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி போனில் ஒத்துக்கொள்ள வேண்டும். மத்தியானம் ஆனால் கிராணி ஆபீசைப் பூட்டிவிடுவார்.

போன் கிடைத்தது. அவள் பெயரில் தோட்டத்தில் மூன்று பெண்கள் இருந்தார்களாம். புருஷன் பெயர் என்ன என்று கிராணி கிளார்க்கைக் கேட்க, கிளார்க் என்னைக் கேட்க, நான் அவளைக் கேட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதெல்லாம் சொல்லக்கூடாதுக்கா. அவருக்கு ஆயுசு கொறைஞ்சிரும்."

"ஒனக்கும் புள்ளைக்கும் ஆயுசு வேணாமாடி?"

"லோரி வந்தா நான் திரும்பிப் போயிர்றேன்."

நானும் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதில்லைதான். ஆயுசுக்குப் பயந்து இல்லை, கூப்பிட்டால் வந்துவிடுவார்.

கிளார்க் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவள் பக்கம் குனிந்தேன்.

"சரி, இந்த ஐயாவையே ஒன் புருஷன்னு எழுதச் சொல்றேன். ஆளு செவப்பு, மாசச் சம்பளம். என்னங்கய்யா, சம்மதமா?"

ஒரு சொல்லும் புரியாத கிளார்க், காரியம் கைகூடுகிறது என்று நினைத்துப் பல் தெரியச் சிரித்துத் தலையாட்டினார்.

அவள் அவரைப் பார்த்தாள். புருஷன் பெயரை, மாமனார் பெயரோடு சேர்த்து ஒரே கத்தாகக் கத்தினாள். போனின் அந்தப் பக்கம் கிராணிக்கே கேட்டுவிட்டது, உடனே ஒத்துக்கொண்டார்.

கட்டிலில் படுத்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவருக்கு எதாச்சும் ஆச்சு, ஒங்களைத்தான் கேப்பேன்" என்றாள்.

மறுநாள் அந்த மனுஷன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். கட்டில் ஓரம் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்த ரொட்டியையும் முட்டையையும் தின்று தீர்த்தான்.

"ஆயுசு நல்லாத்தான்டி இருக்கு" என்றேன். "நீ ஒன் சோத்தைப் பாத்துக்க."