புடலம்பிஞ்சில் கட்டிய கல்

பாலக்கோட்டில் ஷரீபுன்னிசாவை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "கோணக்கால் பிள்ளையைப் பெத்தவ" என்றால்தான் தெரியும். கிரகணத்தன்று அரிவாள்மணையில் உட்கார்ந்து காய் நறுக்கினாளாம், அதனால்தான் பிள்ளைக்கு ரெண்டு பாதமும் உள்பக்கம் மடங்கிப் போச்சாம். அன்றைக்கு அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். யாரிடம் போய்ச் சொல்ல? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

புருஷன் தஸ்தகீருக்கு பெங்களூரில் ஒரு பூட்டுக்கடையில் வேலை. 1967-ல் மகள் ஷகிலா பிறந்ததும் வந்தான், காலைப் பார்த்தான், மறுநாளே பஸ் ஏறிவிட்டான். அவன் திரும்பி வந்து ஒரு வூட்டில் மூன்று பேராக இருக்க வேண்டும். அதற்குப் பிள்ளையின் கால் நேராக வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

தர்மபுரி பெரியாஸ்பத்திரி டாக்டர் பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்து, அப்படியே மாவுக்கட்டுப் போட்டார். வாராவாரம் கட்டைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு. "பச்சை எலும்பும்மா. பிடிச்சு வெச்ச பக்கம் வளரும். அவசரப்பட்டு இழுத்தா கெட்டுடும்" என்றார்.

இது அவளுக்குத் தெரியாததா? கொல்லையில் அவள் போட்ட புடலம்பந்தல் இருக்கிறதே! பிஞ்சு நுனியில் வாழைநாரால் சின்னக் கல்லைக் கட்டிவிட்டால் காய் நேராக நீளும். பெரிய கல்லாகக் கட்டினால் அறுந்து விழும். சும்மா விட்டால் சுருண்டுகொள்ளும். "அட, இவ்வளவுதானா!" என்று ஆஸ்பத்திரியிலேயே சிரித்துவிட்டாள். பிள்ளை பிறந்தபின் அவள் சிரித்தது அன்றுதான்.

திங்கள்கிழமைதோறும் கட்டுப்போட்ட பிள்ளையோடு தனியாகப் பஸ் ஏறினாள். பக்கத்தில் உட்கார வந்த பெண்கள் காலைப் பார்த்ததும் வேறு சீட்டுக்குப் போனார்கள். அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பிள்ளையிடமே பேசிக்கொண்டு போவாள். கட்டைப் பிரிக்கும் நாளில், மறுகட்டுக்கு முன் ஆஸ்பத்திரிக் குழாயடி ஈரமண்ணில் பாதத்தை அழுத்திப் பார்ப்பாள். முதலில் வெளியோரம் மட்டும்தான் பதிந்தது. பல வாரம் கழித்து ஒருநாள் குதிகால் வட்டமாகப் பதிந்தது. அதைக் காட்ட ஒரு ஆள் இல்லை.

கட்டு முடிந்து, இரும்புப் பட்டையில் திருகின ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார்கள். நாலு வயசு வரைக்கும் தூங்கும்போதெல்லாம் அதைப் போட்டே ஆக வேண்டும்.

மறு ரம்ஜானுக்கு தஸ்தகீர் ஒரு மாச லீவில் வந்தான். இரும்பைப் பார்த்தால் மறுபடி ஓடிவிடுவானோ என்று பூட்ஸை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். "நேராத்தானே இருக்கு!" என்று அவன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதியெல்லாம் காட்டினான். ஷரீபுன்னிசாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடிப் பாவி மகளே, முத்தாத பிஞ்சிலிருந்து யாராவது கல்லை அவிழ்ப்பார்களா? காய்க்குச் செய்யத் துணியாததைப் பெத்த மகளுக்குச் செய்தாளே!

அவன் போனதும் டிரம்மைத் துழாவி பூட்ஸை எடுத்து மாட்டினாள். குதிகால் உள்ளே இறங்கவில்லை. பந்தலடிச் சேற்றில் நிறுத்திப் பார்த்தாள். வெளியோரம் மட்டும் பதிந்தது.

அவள் போட்ட கூச்சலில் அடுத்த வூட்டுச் செல்லம்மாள் ஓடி வந்தாள். "என்னாச்சு ஷரீபு?"

"நானே கெடுத்துட்டேங்க்கா. என் கையாலயே கெடுத்துட்டேன்."

மறுபடி மாவுக்கட்டு, மறுபடி திங்கள்கிழமை பஸ். நடந்ததை ஒளிக்காமல் புருஷனுக்கு எழுதினாள். பதில் வரவில்லை. அடுத்த ரம்ஜானுக்கும் அவன் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. இந்தத் தடவை பூட்ஸை ஒருநாளும் கழற்றி ஒளிக்கவில்லை. டாக்டர் போதும் என்றபோது பிள்ளைக்கு ஐந்து வயசு.

1972-ல் ஷகிலா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வாரம் கடுதாசி வந்தது. "கால் நேராச்சா? நேராயிருந்தா எழுது. வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்."

ஐந்து வருஷம் தவம் கிடந்த வரி. கடுதாசியைக் கையில் வைத்தபடி கொல்லைக்கு வந்தாள். ராத்திரி மழை பெய்திருந்தது. பந்தலடியிலிருந்து படல் வரைக்கும் சின்னச் சின்னப் பாதங்கள், ஒவ்வொன்றிலும் குதிகால் முழுசாகப் பதிந்திருந்தது. குனிந்து ஒரு குதிகால் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு கார்டு எடுத்து எழுதினாள்.

"கால் நேராயிடுச்சு. கோணலா இருந்தப்ப வராதவங்க இப்பவும் வர வேணாம்."

தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து பந்தலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வர வேணாம் என்று எழுதினவள், அவன் வேணும் என்றுதான் அழுதாள். சாயங்காலம் படலைத் தள்ளிக்கொண்டு ஷகிலா சேற்றில் தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டதும், எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.