மூடியின் உட்புறம்

கடிகாரம் பழுதுபார்க்கும் மின்னலக்கா எதையும் மறப்பவள் இல்லை. பகையை மட்டும் தினமும் எண்ணெய் விட்டுப் பராமரிப்பாள். பத்தொன்பது வயதில் நூறு மீட்டர் தேர்வோட்டம் ஓடினாள். தகுதி நேரத்தைத் தொட்டால் அரசாங்க வேலை. அவள் தடத்துக்கு நேரம் பார்த்த நடுவர் கையில் குரோனோகிராஃப் கடிகாரம் கட்டியிருந்தார். பொத்தானை அழுத்தினால் ஓடி, மறுபடி அழுத்தினால் நிற்கும் முள் அதில் உண்டு. தகுதி நேரத்தைவிட ஐந்தில் ஒரு நொடி அதிகம் என்றார். அவள் அழுதாள்.

"கடிகாரம் பொய் சொல்லாதும்மா. உன் காலுதான் பொய் சொல்லுது," என்று சிரித்தார்.

வேலை போயிற்று. "ஓடிக் கிழிச்சது போதும்" என்று அண்ணன் அவள் ஷூவைப் பரணில் எறிந்தான். கடிகாரம் பொய் சொல்லுமா என்று பார்த்துவிடத்தான் அவள் கடிகாரக் கடையில் சேர்ந்தாள்.

இருபத்தாறு வருடம் கழித்து நடுவருக்குப் பாராட்டு விழா. கூடவே பழைய குரோனோகிராஃப்களின் கண்காட்சி. குதிரைப் பந்தயத்தில் நேரத்தைக் குறிக்க, முகப்பில் மைப்புள்ளி வைத்த ஆதிக் கருவியின் படம்கூட உண்டு. கண்காட்சியின் நடுவில் உள்பாகம் தெரியத் திறந்துவைக்கச் சொல்லி, அன்று கட்டியிருந்த அதே கடிகாரத்தோடு நடுவரே கடைக்கு வந்தார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"துடைச்சு மட்டும் குடும்மா. இது தப்பே பண்ணினதில்ல."

"உள்ள இருக்கிறதெல்லாம் ஜனங்க பாக்கலாமா சார்?"

"தாராளமா பாக்கட்டும்!"

கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றினாள். செய்த வேலையை மூடியின் உட்புறத்தில் தேதியோடு ஊசியால் கீறிவைப்பது பழுதுபார்ப்பவர்களின் வழக்கம். வாடிக்கையாளர் வேண்டாமென்ற வேலையையும் கீறுவார்கள். நாளைக்குப் பழி நம் தலையில் விழக்கூடாதே! அங்கே, அவள் ஓட்டத்துக்கு மூன்று வாரம் முந்தைய தேதி. கீழே, "அழுத்தியதும் முள் முன்னே தாவுகிறது. சொன்னேன். சரிசெய்ய வேண்டாம் என்றார்."

பாவி, தெரிந்தே கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்! சுத்தியலால் ஒரே போடு போடலாமா என்று தோன்றியது. போடவில்லை. துடைக்கத்தானே சொன்னார்? துடைத்தாள். பழுதைத் தொடவில்லை.

விழாவில் மூடியை மல்லாத்தி வைத்து, மேலே பூதக்கண்ணாடியை நிறுத்தினாள். விளையாட்டுச் சங்கத் தலைவர் குனிந்து, கீறலைச் சத்தம் போட்டே படித்துவிட்டார். மின்னலக்கா பொத்தானை அழுத்தினாள். முள் ஒரு கோடு தாவிவிட்டுத்தான் ஓடத் தொடங்கியது. ஒரு கோடு என்றால் ஐந்தில் ஒரு நொடி.

"நீங்க சொன்னது சரிதான் சார். கடிகாரம் பொய் சொல்லல, தன் தப்பை உள்ளயே எழுதி வச்சிருக்கு. அந்தத் தேதிக்கு மூணு வாரம் கழிச்சு, நீங்க நேரம் பாத்த தடத்துல ஓடினவ நான்தான்."

இந்த முறை அவள் சிரித்தாள்.